குனிந்த முதுகு பணிவல்ல

சவாயி தீவின் அந்த ஊரில் தலைவர் இறந்திருந்தார். துக்கம் கேட்க வந்தவர்கள் திடலின் ஓரத்தில் நின்றார்கள். எதிரே பந்தலில் ஊர்க்காரர்கள் காத்திருந்தார்கள். வந்தவர்களில் யார் பேசுவது என்று தங்களுக்குள் வாதாடித் தீர்ப்பதுதான் முறை. பேசுகிறவர் கையில்தான் கோல் இருக்கும்.

"அக்கா, கோலை எங்கிட்ட குடு. நீ போய் உக்காரு" என்றான் செமிசி. கோலைப் பிடித்திருந்த மாசினாவின் சித்தப்பா மகன் அவன்.

"பேச ஆசைன்னா ஆசைன்னு சொல்லு. என் காலை ஏன் வாருற?"

"உன் காலே உன்னை வாருது. அதான் பயம்."

அவளுக்கு ஆக்லாந்தில் அறுவை சிகிச்சை செய்து ஒன்பது வருஷம் ஆகிறது. முதுகுத்தண்டில் நரம்பு போகும் வழியை அகலமாக்கினார்கள். சில வருஷம் நிமிர்ந்து நடந்தாள், மகள் கல்யாணத்தில் ஆடினாள். பிறகு கால் மரத்துப்போவது திரும்பியது. நின்றால் இடுப்பிலிருந்து தீ இறங்கும், குனிந்தால் அடங்கும். போன மாதம் டாக்டர் சொன்னார்: "சிலருக்கு நிலைக்கும், சிலருக்குத் திரும்பிடும். இன்னொரு தடவை திறக்கலாம். உறுதி குடுக்க முடியாது." அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

கோலை ஊன்றிக் குனிந்தபடி திடலின் நடுவுக்கு நடந்தாள். பெரியவர்கள் முன்னால் குனிந்து கடப்பது அங்கே மரியாதை. பந்தலில் யாரோ சொன்னது கேட்டது: "எவ்வளவு பணிவு பாரு!"

வலியைவிட அதுதான் சுட்டது.

"இது பணிவில்லை, எலும்பு!" என்றாள் உரக்க. "பணிவை நான் வார்த்தையில காட்டுறேன்."

சிரிப்பு எழுந்து அடங்கியது. இறந்தவரின் வம்சத்தை ஆதியிலிருந்து சொல்லத் தொடங்கினாள். மூன்றாம் தலைமுறையில் இடது கால் செத்துப்போனது. விழுவதற்கு முன் தானாகவே புல்லில் உட்கார்ந்தாள். செமிசி ஓடிவந்து கோலுக்குக் கை நீட்டினான். அவள் அதை மடியில் குறுக்கே வைத்து இறுகப் பிடித்தாள்.

எதிர்ப்பக்கப் பேச்சாளர் எழுந்தார். "திடல்ல நின்னுதாம்மா பேசணும். உக்காந்து பேசுறது வீட்டுக்குள்ள."

"என் நாக்கு நிக்குதுங்கய்யா. காலுக்கு இங்க என்ன வேலை?"

அவர் உட்காரவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

அவள் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. நான்காம் தலைமுறையின் பெயரைச் சொன்னாள். பந்தலிலிருந்து ஒருவரும் எழுந்து போகவில்லை.