மலர் கேட்டு வந்தோர்

யூரா மலைத்தொடர் தன் தென்சரிவை மெல்ல இறக்கிவைக்கும் இடத்திலே, ஆரே ஆறு விரைவின்றி வளைந்து திரும்ப, நாற்றிசையிலிருந்தும் வரும் இருப்புப் பாதைகளெல்லாம் ஒன்றையொன்று தொட்டுப் பிரியும் சந்தியாய்க் கிடக்கிறது ஓல்டன் நகர். குளிர்காலத்தில் அந்நகர்மேல் மூடுபனி இறங்கிவிட்டால் எளிதில் எழுந்து போவதில்லை. மலைமேல் வெயில் காய்ந்துகொண்டிருக்க, கீழே வாழ்வோர் ஞாயிற்றைக் கண்டு நாளாயிற்றே என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு வேலைக்குப் போவர். தை பிறந்து சில நாள் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல், அப்பனி நிலையத்தையும் பாலத்தையும் ஆற்றையும் ஒருங்கே மூடியிருந்த வேளை, இருப்புப் பாதையை அடுத்த அடுக்குமாடி ஒன்றின் மூன்றாம் தளத்தில் மட்டும் உழுந்து வடை பொரியும் மணமும் சாம்பிராணிப் புகையும் கலந்து படிக்கட்டு வரை இறங்கியிருந்தன. அங்கே குணசேகரத்தின் மனைவி சிவகலா, பட்டுடுத்திய தன் ஒரே மகள் மதுஜாவின் கூந்தலில் மலர் சூட்டிக்கொண்டிருந்தாள். அன்று பெண் கேட்டு வருகிறார்கள்.

அன்பரீர், வருகிறவர்கள் யாழ்ப்பாணத்தாரல்லர். மணமகன் எபனேசர் என்பான், மேலை ஆப்பிரிக்கக் கடலோரத்தில் விடுதலையூர் என்று பொருள்படும் ஃபிரீடவுன் நகரிலே பிறந்து, செவிலியர் கல்வி கற்று இந்நாட்டுக்கு வந்தவன். சிவகலா துணி வெளுக்கும் பகுதியில் வேலை பார்த்த முதியோர் இல்லத்திலேதான் அவனும் பணியிலிருந்தான். ஒருநாள் அவள் நீராவியின் வெக்கையில் மயங்கி விழ, வீடு வரை கொண்டுவந்து சேர்த்தவன் அவனே. கதவைத் திறந்தவள் ஆராவ் நகரில் மருந்தாளராயிருந்த மதுஜா. அதற்குப் பின் நடந்ததை நான் விரித்துச் சொல்லவேண்டியதில்லை. நாள் செல்லச் செல்ல, அக்கா அக்கா என்று தன்னை அழைத்தவனை மருமகனாக நினைத்துப் பார்க்கச் சிவகலா தனக்குள்ளே பழகிக்கொண்டாள். அவனை அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது.

குணசேகரம் கெட்டவனல்லன். யாழ்ப்பாணத்திலிருந்து ஏதிலியாய் வந்திறங்கி, உணவகத்தில் தட்டுக் கழுவி, கிடங்கிலே பொதி சுமந்து, கோயில் எழுப்பக் கைகொடுத்து நிமிர்ந்தவன். ஆயினும் கடல் கடந்தபோது எல்லாவற்றையும் விட்டு வந்தவன், ஒன்றை மட்டும் மறவாமல் கொண்டுவந்திருந்தான். கலியாணப் பேச்சென்றால் எந்த ஊர், ஆருடைய ஆக்கள், என்ன பகுதி என்று சாதி வரை தோண்டித் துருவி விசாரிக்கும் வழக்கமே அது. எபனேசர் முதன்முதலாய் வீட்டுக்கு வந்த அன்றும் தேநீர் ஆறுமுன்னே அக்கேள்வி பிறந்தது.

அவனோ அக்கேள்விக்காகவே காத்திருந்தவனைப் போல முகம் மலர்ந்து விடை சொன்னான். தன் முன்னோருக்குக் கப்பலில் கவர்ந்து ஏற்றப்படுமுன் ஊர் எதுவென்று ஒருவரும் அறியார் என்றான். அமெரிக்க மண்ணில் வயல்களில் அடிமைகளாய் உழைத்தவர்கள், அங்கே போர் மூண்டபோது விடுதலை தருவோமென்ற ஆங்கிலேயர் பக்கம் ஓடிச் சேர்ந்ததையும், அவர்கள் போரில் தோற்றபின் நோவா ஸ்கோசியா என்னும் கடுங்குளிர் நாட்டில் இறக்கிவிடப்பட்டு, சொன்ன நிலம் கிடையாமல், கிடைத்த நிலம் விளையாமல் பசித்திருந்ததையும், பின்பு அம்மக்கள் தாமே முடிவெடுத்துக் கப்பலேறி, தம் பாட்டன்மார் கவர்ந்து கொண்டுபோகப்பட்ட அதே கடற்கரைக்கு மீண்டு வந்ததையும் சொன்னான். கரையிறங்கியதும் ஓர் இலவ மரத்தடியில் கூடி நன்றி பாடியதாக அந்நகரார் வழிவழியாகச் சொல்லிவருவதையும், அந்த மரம் அண்மையில் ஒரு பெருமழையில் சாய்ந்தபோது நகரமே அழுததையும் சொல்கையில் அவன் குரல் தாழ்ந்தது. அந்த நிலத்தில் முன்பே குடியிருந்தோர் இருந்தார்கள், அவர்களுக்கு எங்கள் நகரம் நேர்ந்த விதம் வேறு கதை என்பதையும் அவன் மறைக்கவில்லை. தளையறுத்தவர் கட்டிய நகரிலே பிறந்தேன் என்பதே அவன் குலப்பெருமை.

குணசேகரத்தின் செவியில் விழுந்தது ஒரே சொல். அடிமை. யாழ்ப்பாணத்து நிலமுடையார் வீடுகளில் அச்சொல் ஒருகாலத்தில் எந்தப் பொருளில் வழங்கியதென்பதை அறிந்தவர் அறிவர். ஆளை அடிமையாக வைத்திருந்த வழியில் வந்தவன் அதற்காக ஒருநாளும் நாணியதில்லை. அத்தளையை அறுத்தெறிந்த வழியில் வந்தவனைக் கண்டுதான் நாணினான். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பதென்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. ஆனால் அன்று அவன் முகங்கோணவில்லை. மகளின் கண்ணைப் பார்த்தான், தேநீரைக் குடித்து முடித்தான், ஆக்களை வரச் சொல்லுங்கோ என்றான்.

எபனேசருக்குப் பெற்றோர் இல்லை. வளர்த்தவள் அத்தை அயோதெலே. அவள் நுழைவு இசைவு பெற்று ஃபிரீடவுனிலிருந்து வந்து சேர்ந்தாள். அவர்கள் பெண் கேட்கும் முறை ஒன்றுண்டு. சுரைக்குடுவையில் மோதிரமும் ஊசிநூலும் நம் பாக்குப் போன்ற கோலாக் கொட்டையும் திருமறையும் வைத்து, வெண்துணியால் மூடி, பாடிக்கொண்டு வந்து பெண்வீட்டுக் கதவைத் தட்டுவர். உள்ளிருப்போர் உடனே திறக்கலாகாது. யார் நீங்கள், எங்கிருந்து வந்தீர்கள், இங்கே பெண்ணில்லை, போங்கள் என்று விரட்டவேண்டும். உங்கள் தோட்டத்தில் ஒரு மலரைக் கண்டோம், அதைக் கேட்டு வந்தோம் என்று அவர்கள் விடாமல் தட்டுவர். மூன்றாம் முறை கதவு திறக்கும். திறந்தபின்னும் மணப்பெண்ணை உடனே காட்டாமல், வீட்டிலுள்ள வேறு பெண்களை ஒவ்வொருவராய் முன்னே விட்டு, இவளோ, இவளோ என்று கேட்டுச் சிரிப்பர். இவ்வளவையும் மதுஜா தந்தைக்குச் சொல்லிக்கொடுத்து, அப்பா, நீங்கள்தான் விரட்டவேணும் என்று கெஞ்ச, அவனும் ஓம் என்று தலையாட்டியிருந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, வில் என்னும் நகரிலிருந்து குணசேகரத்தின் தமையனார் தொலைபேசியில் அழைத்தார். குணசேகரம் அலைபேசியோடு மாடத்துக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் நின்றான். உள்ளே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. சிவகலா அதைக் கண்டாள். கண்டும், பனியில் நின்ற குளிரென்று நினைத்து வடைச் சட்டியைப் பார்க்கப் போய்விட்டாள்.

பிற்பகலில் படிக்கட்டில் பாட்டுக் கேட்டது. கதவு தட்டப்பட்டது. குணசேகரம் எழுந்துபோய்ப் பூட்டிய கதவின் இப்பக்கம் நின்று, யார் நீங்கள் என்று அந்நாட்டு மொழியாகிய இடாய்ச்சில் கேட்டான். கடல் கடந்து வந்தோம், உங்கள் தோட்டத்து மலரைக் கேட்டு வந்தோம் என்று எபனேசரின் குரல் சிரிப்போடு சொன்னது. இங்கே உங்களுக்குப் பெண்ணில்லை, வந்த வழியே போங்கள் என்றான் இவன். வெளியே அத்தை கைகொட்டிச் சிரித்தாள். உள்ளே மதுஜா வாயைப் பொத்திக்கொண்டு, தன் தந்தை இவ்வளவு நன்றாக நடிப்பாரென்று எண்ணியதேயில்லை என்று தாயின் தோளில் சாய்ந்து குலுங்கினாள்.

இரண்டாம் முறை தட்டினார்கள். உங்களைப் போன்றவர்களுக்கு இந்த வீட்டில் இடமில்லை என்றான் குணசேகரம். பாட்டு முன்னிலும் உரத்து எழுந்தது. மகள் சிரித்துக்கொண்டேயிருந்தாள். ஆனால் சிவகலாவின் கண் கணவனின் கையில் பதிந்தது. அக்கை பூட்டின் திறப்பை உருவித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டது.

மூன்றாம் முறையும் தட்டினார்கள். கதவு திறக்கவில்லை.

"அப்பா, விளையாடினது காணும். இனித் திறவுங்கோ," என்றாள் மதுஜா.

"நான் விளையாடேல்லைப் பிள்ளை. அடிமை வழியில வந்த ஆக்களுக்கு என்ர வாசல் திறவாது. இது நடந்தா இனிமேல் எங்கடை நல்லது கெட்டது, சபை சந்தி ஒண்டுக்கும் வரமாட்டன் எண்டு அண்ணை சொல்லிப்போட்டார். நான் ஆரோடை வாழுறது?"

சொன்னவன் திறப்பைப் பைக்குள்ளிருந்து எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, முகத்தைக் கையால் மூடிக்கொண்டு நாற்காலியில் அமர்ந்துவிட்டான். போய்ச் சொல்லவும் துணிவில்லை, அந்த வேலையையும் மனைவியின் தலையிலேயே கட்டினான். மதுஜா நின்ற இடத்திலேயே சுவரோடு சரிந்தாள். வெளியே அத்தை இன்னும் பாடிக்கொண்டிருந்தாள். விரட்டப்பட்டவள் தான் விரட்டப்பட்டதை அறியாமல், இந்தத் தமிழர் நம் முறையை எத்தனை அழகாய் மதிக்கிறார்கள் என்ற மகிழ்ச்சியில் பாடிய அப்பாட்டைக் கேட்டுக்கொண்டு அந்த வீட்டுக்குள் இருப்பது சிவகலாவுக்குத் தாங்கவில்லை. அவள் திறப்பை எடுத்துக் கதவைத் திறந்து, வெளியே போய், தன் பின்னே அதைச் சாத்தினாள்.

அயோதெலே பருத்து உயர்ந்தவள். நீலச் சரிகை ஆடையும் அதே நிறத் தலைக்கட்டும் அணிந்து, கையில் குடுவையோடு நின்றாள். தனியே வந்த சிவகலாவை ஏறிட்டு நோக்கி, முகமெல்லாம் சிரிப்பாகி, ஏதோ சொல்லி எபனேசரைப் பார்த்தாள். அவன் சிரிப்போடே மொழிபெயர்த்தான்.

"அழகிய மலர்தான், ஆனால் நாங்கள் தேடி வந்த மலர் இதுவல்ல. அடுத்தவளை வரச்சொல்லுங்கள் என்கிறார், அக்கா."

சிவகலாவின் கண்ணில் நீர் வழிந்தது. எபனேசர் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு சாத்தியிருந்த கதவைப் பார்த்தான். தான் பெருமையோடு சொன்ன கதை அந்த வீட்டில் எப்படிக் கேட்கப்பட்டது என்பது அவனுக்கு அப்போதுதான் புரிந்திருக்கவேண்டும். அவன் அத்தையின் பக்கம் குனிந்து மெல்லிய குரலில் ஓரிரண்டு சொற்கள் சொன்னான். அவள் முகத்துச் சிரிப்பு உடனே போகவில்லை. எங்கே போவதென்று தெரியாமல் சற்று நின்று, பின் அணைந்தது.

அந்நேரம் கதவு மீண்டும் திறக்க, மதுஜா வெறுங்காலோடு வெளியே வந்து, நான் வாறன், என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ என்று அழுதாள். தான் வளர்ந்த பெண், தன்னை ஒருவரும் தரத் தேவையில்லை என்று அவர்களுக்கு விளங்கும் மொழியிலும் சொன்னாள். அயோதெலே குடுவையை எபனேசரிடம் கொடுத்துவிட்டு, அவள் கன்னத்தைத் தன் இரு கையாலும் ஏந்திக்கொண்டாள். அத்தை பேச, எபனேசர் மொழிபெயர்த்துச் சொல்லி வந்தான்.

"எங்கள் முன்னோரைத் தாய்மடியிலிருந்து பறித்துப் போனவர்கள் எந்தக் கதவையும் தட்டவில்லை, மகளே. அதனால்தான் எங்கள் வீட்டார் தட்டுகிறோம், கேட்கிறோம். நீ உன் விருப்பப்படி எங்கும் போகலாம். ஆனால் பெற்றவர் வாயால் தந்தோம் என்று கேளாமல், என் கையால் ஒரு பிள்ளையை ஒரு வீட்டிலிருந்து நான் கொண்டுபோக மாட்டேன்."

பின்பு அவள் சிவகலாவை நோக்கினாள்.

"தந்தை தரவில்லை. தாயே, நீ தருகிறாயா? உன் ஒரு சொல் எனக்குப் போதும்."

அன்பரீர், அச்சொல்லின் எடையைச் சிவகலாவைப் போல் அறிந்தவர் அந்நகரில் வேறொருவர் இருந்திருக்க முடியாது. போர்க்காலத்தில் அவள் தம்பியைக் கொண்டுபோனவர்களும் கதவைத் தட்டவில்லை, ஒருவரையும் கேட்கவில்லை, அவன் திரும்பி வரவுமில்லை. கேட்டுக் கொள்ள வந்த ஒருத்தி, உலகம் சுற்றி வந்து, தன்முன் தலைதாழ்த்தி நிற்கிறாள். தாறன் என்னும் சொல் சிவகலாவின் நாவில் இருந்தது. ஆனால் கணவன் சொன்னபின் ஆமோதித்தே பழகிய அந்நா, அவன் சொல்லாத ஒன்றைத் தான் முந்திச் சொல்லி அறியாது. தமையனார், கோயில், நாளை நன்மை தீமைக்கு யார் வருவார் என்னும் கேள்வி, எல்லாம் ஒன்றாய் முன்னே வந்து நின்றன.

"சொல்லுங்கோ அம்மா," என்றாள் மகள். "ஒரு சொல்லுத்தானே."

படிக்கட்டு விளக்கு தன் நேரம் முடிந்து அணைந்தது. எபனேசர் சுவரிலிருந்த பொத்தானை அழுத்த, மீண்டும் எரிந்தது. அப்போது சிவகலா திரும்பிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதுவே விடையென்று அயோதெலே கொண்டாள். கோபங்கொள்ளவில்லை. மதுஜாவின் நெற்றியில் முத்தமிட்டு, சிவகலாவுக்குத் தலைவணங்கி, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாய் இறங்கினாள். வளர்த்தவளைத் தெரியாத ஊரிலே தனியே விட முடியாமல், அழைக்கிறேன் என்று மதுஜாவிடம் சொல்லி எபனேசரும் பின்னே போனான்.

அழைக்கவும் செய்தான். இருவரும் பலநாள் பேசினார்கள். பேசப் பேச அந்தக் கதவே நடுவில் நின்றது. கோடை வருமுன் அவன் ஃபிரீடவுனில் ஒரு மருத்துவமனையில் வேலை ஏற்றுப் போய்விட்டான். மதுஜா ஆராவிலே தனி வீடு பார்த்துக்கொண்டாள். ஆறு மாதம் தந்தையோடு கதையாதிருந்தவள், ஒருநாள் அவன் போய் அவள் வாசலில் நின்று அழுதபோது மனமிரங்கி உள்ளே விட்டாள். மூடனாய் இருந்துவிட்டேன் என்றான். அவள் அதை ஏற்றுக்கொண்டாள். தாயோடும் அவள் கதைப்பதுண்டு. சாப்பிட்டீங்களோ, கால் நோவு எப்படி, அங்கே பனியோ என்று கேட்பாள். அதற்கப்பால் ஒன்றும் கேட்பதில்லை.

பெண்ணின் வாழ்வைக் கெடுத்தவன் குணசேகரமே என்று ஓல்டன் தமிழர் இன்று சொல்லுகிறார்கள். அவன் அடைத்தது உண்மைதான். ஆனால் அவன் அடைத்தபின்னும் ஒரு சொல்லின் அகலத்துக்கு வழி திறந்தே இருந்ததென்பதை மகள் அறிவாள், தாய் அறிவாள். வெளுத்த துணிகளை மடித்து அடுக்கும்போது சிவகலா தன்னையறியாமல் முணுமுணுப்பாள். தாறன், நான் தாறன், கூட்டிக்கொண்டு போங்கோ என்று இப்போது அவளுக்கு அச்சொல் தடையின்றி வருகிறது. அதைக் கேட்டு வந்தவள்தான் போய்விட்டாள்.