முன்வரிசையில் அண்ணி

அவள் கணவர் கடைசியாக நடித்தது ஒரு நகைச்சுவைப் படம். அதில் அவர் பாதிரியார் வேடம் போட்டு ஒளிந்து திரியும் திருடன். படம் வெளிவருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். "செத்தவன்னு பாவம் பாத்து, சிரிக்காம இருந்துடப் போறாங்கடி" என்று ஆஸ்பத்திரியில் அவர் புலம்பியதுதான், படத்தின் முதல் காட்சிக்கு வந்த அவள் நினைவில் ஓடியது.

இயக்குநர் அவளை முன்வரிசையில் உட்காரவைத்தார். "கஷ்டமா இருந்தா எழுந்து போயிடலாம், அண்ணி."

"நீங்க படத்தைப் போடுங்க தம்பி."

திரையில் விருந்து. ஜெபம் சொல்லச் சொன்னதும் திருடன் திருதிருவென்று விழித்தான். ஜெபம் எதுவும் தெரியாமல், சிறையில் தினமும் கூப்பிடும் கைதி எண்களைக் கண்மூடி உருக்கமாக ராகம் போட்டுச் சொன்னான். "நூத்திநாலு... நூத்தியஞ்சு..." ஒவ்வொன்றுக்கும் விருந்தாளிகள் பக்தியோடு "ஆமென்" என்றார்கள்.

அரங்கில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அவள் திரும்பிப் பார்த்தாள். அத்தனை பேரும் திரையை விட்டுவிட்டு அவளையே கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

திரையில் திருடனின் சொந்த எண் வந்தது. பழக்கதோஷத்தில், "ஆஜர் ஐயா" என்று விறைப்பாக எழுந்து நின்றான்.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பின்னால் யாரோ அடக்கமாட்டாமல் சிரித்தார்கள். பிறகு மொத்த அரங்கும்.