எஃப்எம்மும் மியூட்டும் ஆறு நத்தைகளும்

உயிரியல் முதலாண்டு தொடங்கிய முதல் வாரத்திலேயே அவளுக்கு எஃப்எம் என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. அதில் அவளுக்கு வருத்தமும் கிடையாது. "ஏய் எஃப்எம்" என்று யாராவது கூப்பிட்டால், என்ன என்று கேட்டுவிட்டு, கூடவே இரண்டு கதையும் சொல்லிவிட்டுத்தான் நகர்வாள்.

ஆய்வு செய்வது, அதை எழுதுவது, நாலு பேர் முன்னால் எடுத்துச் சொல்வது ஆகிய மூன்றையும் பழக்குவதற்கென்றே அவர்களுக்குத் தனி வகுப்பு ஒன்று இருந்தது. அதை நடத்திய மேடம் எஃப்எம்முக்கு ஜோடியாகச் சேர்த்துவிட்டது மியூட்டை. அதுவும் பட்டப்பெயர்தான்; மியூட் வருகைப்பதிவுக்குக்கூடக் கையை மட்டும் தூக்குகிற பெண்.

இருவரும் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது. கேரட், கீரை, வெள்ளரிக்காய் மூன்றையும் வைத்தால் நத்தை எதை நோக்கிப் போகும்? ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் ஈரச் சுவரில் ஆறு நத்தைகள் கிடைத்தன. அடையாளத்துக்கு ஒவ்வொன்றின் ஓட்டிலும் மியூட் வெவ்வேறு நிற நெயில் பாலிஷ் வைத்தாள். ஒருநாள் பட்டினி போட்டு, ஈரத்தாள் விரித்த பெட்டியில் விட்டார்கள். ஐந்து நத்தைகள் நேராக வெள்ளரிக்காயிடம் போயின. ஊதா மட்டும் மூடியில் ஏறித் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"இது உன்னை மாதிரிடி, கூட்டத்துல சேராது" என்றாள் எஃப்எம். மியூட் உதட்டைக் கடித்துச் சிரித்தாள்.

சிக்கல் எழுதும்போது வந்தது. செய்முறையை எஃப்எம் எழுத வேண்டும். அதை மட்டும் படித்துவிட்டு இன்னொரு ஜோடி அதே ஆய்வைச் செய்து பார்க்கும், வாய்திறந்து ஒன்றும் விளக்கக் கூடாது என்பது மேடத்தின் விதி. எஃப்எம் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினாள். நத்தை ஏன் அழகு, ஓடு எப்படிச் சுருள்கிறது, தனக்கு நத்தைமேல் எப்போது பிரியம் வந்தது, எல்லாம் அதில் இருந்தது.

அந்தத் தாள்கள், எப்போதும் ஒட்டியே திரிந்ததால் இரட்டையர் என்று அழைக்கப்பட்ட இரண்டு பையன்களிடம் போயின. மறுநாள் அவர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்கள்.

"ஒண்ணுகூட வெளிய வரல" என்றான் ஒருவன். "எல்லாம் ஓட்டுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிச்சு."

"பெட்டியை எங்க வச்சீங்க?"

"ஜன்னல்ல. நல்ல வெயில். 'பார்க்க வசதியான இடத்தில் வைக்கவும்'னு நீதானே எழுதியிருக்க?"

எஃப்எம்முக்கு முகம் சுண்டிப்போனது. தாங்கள் நிழலில் வைத்ததையும், தாளை நனைத்துப் பிழிந்து விரித்ததையும் அவள் எங்கேயும் எழுதவில்லை. மேடம் தாள்களைத் திருப்பித் தந்து, "உன் நத்தையை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கும்மா. ஆனா அதை நீ எப்படி வச்சிருந்தேன்னு தெரியல. திரும்ப எழுதிட்டு வா" என்றார்.

அன்று மாலை எஃப்எம் மியூட்டையும் தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். கண்ணாடிக் கடை நடத்தும் அப்பா அன்று கடைக்கு விடுமுறை விட்டிருந்தார். அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதர். எஃப்எம்முக்குச் சட்டென்று ஒரு யோசனை தோன்றியது. டீ போடுவது எப்படி என்று எழுதி அவர் கையில் கொடுத்தாள்.

"இதுல இருக்கிறதை மட்டும் செய்யுங்கப்பா. எங்களை எதுவும் கேக்கக் கூடாது."

அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினார். தண்ணீரைக் கொதிக்கவிட்டார். டீத்தூள் போட்டார், பால் ஊற்றினார். 'வடிகட்டவும்' என்ற இடத்துக்கு வந்ததும் வடிகட்டியைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு நேராகப் பிடித்து மொத்தத்தையும் கவிழ்த்தார். டீ தொட்டியோடு போய்ச் சேர்ந்தது. வடிகட்டியில் மிஞ்சிய சக்கையை உற்றுப் பார்த்துவிட்டு, "வடிகட்டியாச்சு. இதை எப்படிம்மா குடிக்கிறது?" என்றார்.

மியூட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு இவ்வளவு பெரிய சிரிப்பு உண்டு என்பது எஃப்எம்முக்கே அன்றுதான் தெரியும். ஹாலில் இருந்து ஓடிவந்த அம்மா தொட்டியைப் பார்த்துவிட்டு, "பால் பூரா போச்சா?" என்று தலையில் கை வைத்தார்.

'ஒரு பாத்திரத்தில் வடிகட்டவும்' என்று எழுதிய பிறகுதான் அந்த வீட்டில் அன்று டீ கிடைத்தது. அதே சூட்டோடு நத்தைச் செய்முறைக்கு உட்கார்ந்தார்கள். எஃப்எம் எழுத எழுத, மியூட் படித்துப் பார்த்துக் கேள்வி கேட்டாள். "எவ்வளவு ஈரம்?" "துண்டு எவ்வளவு தடிமன்?" கடைசியில் ஒரே பக்கத்தில் அடங்கியது. நத்தை எவ்வளவு அழகு என்ற வரியை அடிக்கும்போது மட்டும் எஃப்எம்முக்குக் கை வரவில்லை. மியூட் பேனாவை வாங்கி அடித்தாள்.

இந்த முறை இரட்டையர் ஓடியே வந்தார்கள். அவர்களுடைய நத்தைகளும் வெள்ளரிக்காயைத்தான் மொய்த்தனவாம்.

வகுப்பில் பேசும் நாள் வந்தது. பாதியை ஒருவர், பாதியை மற்றவர் சொல்ல வேண்டும். முதலில் மியூட். எழுந்து நின்றாள். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. எஃப்எம்முக்கு நாக்கு நுனியில் எல்லா வாக்கியமும் வரிசைகட்டி நின்றது. தானே சொல்லி முடித்துவிடலாம். மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். வாழ்க்கையில் அவள் இவ்வளவு நேரம் வாயை மூடியிருந்ததே இல்லை.

மியூட் அவளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு வகுப்பைப் பார்த்தாள்.

"நத்தைக்கு அவசரம் கிடையாது" என்றாள் மெல்ல. "எனக்கும் கிடையாது. கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

வகுப்பு வாய்விட்டுச் சிரித்தது. அதன் பிறகு அவள் தடுமாறவில்லை. தெளிவாக, ஒவ்வொன்றாக, ஊதா நத்தையின் கோணல் புத்தி உட்பட எல்லாம் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். முடிவுகளை எஃப்எம் சொன்னாள். பின்வரிசையில் இருந்து ஒரு கேள்வி வந்தது.

"வெள்ளரிக்காய்ல தண்ணி ஜாஸ்தி. நத்தை ருசிக்குப் போச்சா, தண்ணிக்குப் போச்சா?"

எஃப்எம் வாயைத் திறந்தாள். ஏதாவது அளந்துவிடலாம், அவளால் முடியும்.

"தெரியாது" என்றாள். "எங்க ஆய்வை வச்சு அதைச் சொல்ல முடியாது. தனியாத்தான் செஞ்சு பாக்கணும்."

மேடம் தலை நிமிர்ந்து பார்த்து, புன்னகையோடு எதையோ குறித்துக்கொண்டார்.

வகுப்பு முடிந்ததும் வராந்தாவில் இரட்டையர் வழிமறித்தார்கள். வெள்ளரிக்காயை மின்விசிறிக்குக் கீழே காய வைத்தால் தண்ணீர் போய்விடும், ருசி இருக்கும் என்றான் ஒருவன். காய்ந்தால் ருசியும் மாறிவிடுமே என்றான் மற்றவன். மியூட் இடைமறித்து, வெறும் ஈரப்பஞ்சு ஒன்றையும் கூட வைக்கலாமே என்றாள். நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசியதில், யார் என்ன சொன்னார்கள் என்று யாருக்கும் விளங்கவில்லை. மேடத்திடம் ஆய்வுக்கூடச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, வெள்ளரிக்காய் வாங்க நாலு பேரும் கடைத்தெருவுக்குக் கிளம்பினார்கள்.