தலையாட்டியவள்

விடிவதற்கு முன்பே பெரியக்கா ஆய்வுக்கூடத்தில் வேலையில் இறங்கிவிட்டாள். உச்சி முதல் பாதம் வரை வெள்ளை உடுப்பு. கண்கள் மட்டும் வெளியே. உள்ளே போய்விட்டால் மூக்கு அரித்தாலும் சொறிய முடியாது. இளஞ்சூட்டுப் பெட்டியிலிருந்து குடுவையை எடுத்து, பழைய ஊட்டநீரை உறிஞ்சிவிட்டு, புதியதை ஓரமாக வழியவிட்டாள். நேராக ஊற்றினால் அடியில் ஒட்டி வளரும் ஸ்டெம் செல்கள் பெயர்ந்துவிடும். யாரோ ஒருவரின் மஜ்ஜையிலிருந்து வந்தவை, படுத்த படுக்கையாய்க் கிடக்கும் இன்னொருவருக்குப் போகவேண்டியவை. அவற்றுக்கு விடுமுறை நாள் கிடையாது, அவளுக்கும் இல்லை.

ஆட்களைக் குறைத்த பிறகு இருவர் வேலையை ஒருவர் பார்த்தார்கள். வளர்ந்த செல்களை உறையவைக்கும் அறையில், திரவ நைட்ரஜன் தொட்டிகளுக்கு நடுவே வாயாடி தனியாகத்தான் நிற்பாள். ஓயாமல் பேசுவதால் வந்த பெயர் அது.

அன்று அந்த அறையில் எதுவோ விழுந்து உருண்டது. பெரியக்கா ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். தரையெங்கும் வெண்புகை. வாயாடி சுவரோரம் குந்தி, ஒரு கையை மறுகையால் ஏந்தியிருந்தாள். கிழிந்த கையுறைக்குள் திரவம் இறங்கியிருந்தது. விரல்கள் மெழுகாய் வெளுத்திருந்தன.

"தொட்டா தெரியவே இல்லக்கா," என்றாள்.

அவளை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, பேருந்து ஓட்டும் அவள் கணவன் முதலாளியின் அறைக்கு வந்தான். பெரியக்காவும் உள்ளே இருந்தாள், துப்புரவுக்காரியும் மெக்கானிக்கும் வாசலில் நின்றார்கள்.

"நல்ல கையுறைதான் குடுத்திருந்தோம். உங்க சம்சாரம் போடல," என்றார் முதலாளி. பெரியக்காவைத் திரும்பிப் பார்த்தார். "குடுத்தோம்ல?"

புது உறை வேண்டுமென்று அவரிடமே போய்க் கேட்டு, வெறுங்கையோடு திரும்பியவள் அவள். வேலை போனால் வீடு என்ன ஆகும்? தலையை ஆட்டிவிட்டாள்.

"நீங்களே சொன்னா சரியாத்தான்க்கா இருக்கும்," என்று அவன் எழுந்து போனான். செருப்பால் அடித்திருந்தாலும் தாங்கியிருப்பாள்.

மதியம் உடை மாற்றும் அறையில் மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

"ரெண்டு விரல எடுக்க வேண்டி வரலாமாம்," என்றாள் துப்புரவுக்காரி.

"நான் பொய் சொல்லிட்டேன்," என்றாள் பெரியக்கா, தரையைப் பார்த்தபடி.

மெக்கானிக் சாப்பாட்டை மூடினான். "வாசல்ல நின்னு கேட்டுட்டுத்தான இருந்தோம். நாங்க மட்டும் வாயத் திறந்தமா?"

மூவரும் முதலாளி முன் போய் நின்றார்கள். "நீங்க குடுத்தது கிழிஞ்ச உறை. காலைல நான் சொன்னது பொய் சார்," என்றாள் பெரியக்கா.

"வேலைய நிறுத்தப் போறீங்களா? செல் செத்தா அந்த நோயாளிக்கு யாரு பதில் சொல்றது?" எங்கே அடித்தால் வலிக்கும் என்று அவருக்குத் தெரியும்.

"செல்களப் பட்டினி போட மாட்டோம். நல்ல உறையும் துணைக்கு ஒரு ஆளும் வர்ற வரைக்கும் அந்த அறைக்குள்ள மட்டும் யாரும் போக மாட்டோம்."

"தொட்டியில நைட்ரஜன் வத்திடுமே?"

"வத்த நாளாகும். அதுக்குள்ள நீங்க முடிவு பண்ணலாம்."

"உனக்கு வேலை இருக்காது."

"அப்ப எங்களயும் சேத்துக்குங்க," என்றாள் துப்புரவுக்காரி.

சாயங்காலம் மருத்துவமனை வாசலில் பெரியக்கா நின்றுவிட்டாள். மற்ற இருவரும் கூடவே நின்றார்கள். வாயாடியின் கணவன் வெளியே வந்தான். நடந்ததைச் சொன்னாள், அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நாளைக்கு போலீஸு, கோர்ட்டுன்னு எங்க கூப்பிட்டு விசாரிச்சாலும் இதையே சொல்லுவீங்களா?" என்றான்.

"சொல்லுவேன் தம்பி."

"நாங்களும்," என்றான் மெக்கானிக்.