காசிப் படத்தில் தீட்டாத வானம்

1

உண்மையை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என்னிடம் இருப்பது ஒரே ஒரு நீர்வண்ணப் படம். வெள்ளைக்காரர் ஒருவர் காசியில் தீட்டியதைப் பார்த்து ஏலாக்குறிச்சியில் யாரோ தீட்டிய நகல். கங்கைக் கரையில் பழைய வான ஆராய்ச்சிக் கூடம். அதன் மொட்டை மாடியில், நிழலை வைத்து மணி பார்க்கக் கட்டிய, எங்கும் போய்ச் சேராத கல் படிக்கட்டு. கீழே, ‘ஆற்றங்கரையில் வானம் பார்த்த இடம்.’ பின்பக்கம், ‘காசி. நகல் 1943.’ வானம் மட்டும் வெறும் காகிதமாக இருக்கிறது. மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

கொள்ளிடம் கரைபுரண்டு ஓடிய அந்த ஐப்பசியில்...

(வேண்டாம். வெள்ளத்தில் தொடங்கினால் யாரையாவது மூழ்கடிக்க வேண்டிவரும். எனக்கு மனசு வராது.)

தீட்டியவர் பள்ளிக்கூட வாத்தியார் செல்வநாதன் என்று வைத்துக்கொள்வோம். சண்டைக் காலம், நீல வண்ணம் கிடைக்கவில்லை. வானத்தைக் கடைசிக்குத் தள்ளிவிட்டார். (வானத்தைத்தான் முதலில் தீட்டவேண்டும் என்கிறார் என் ஓவிய நண்பர். வாத்தியாருக்கு யார் பாடம் சொல்வது?)

அவருக்கு வரதராசன்பேட்டை லீலா மேரியைப் பேசியிருந்தார்கள். மாதா கோயில் தேரன்று பார்த்தபோதே அவளுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அன்று அவர் பேசியதெல்லாம் இந்தப் படத்தைப் பற்றித்தான். இப்படியும் ஒரு ஆள்!

அவள் அப்பா பிலவேந்திரனுக்கு ஒரே வைராக்கியம்: மகளை வானம் பார்த்த பூமியில் கொடுப்பதில்லை. மழையை நம்பி விதைத்து, குடத்தோடு இரண்டு மைல் நடந்தே அவர் மனைவி ஓய்ந்துபோனாள். இந்த விஷயத்தில் நான் அவரைக் கிண்டல் செய்யமாட்டேன்.

3

மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த பிலவேந்திரன், சுவரில் இருந்த படத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“ஏந் தம்பி, ஆத்தங்கரையில இருந்துமா வானம் பார்த்த எடம்?”

“ஆமாங்க மாமா.” (ஒன்றும் முடிவாகவில்லை, அதற்குள் மாமா.) “வானத்தைப் பாக்குறதுதான் அங்க வேலையே.”

“படி பாதியில நிக்குதே. வூடு கட்டி முடிக்கலியா?”

“முடிச்சாச்சுங்க. அது நெழலு பாக்குறதுக்கு.”

“இப்ப யாரு பாக்குறா?”

“யாருமில்லீங்க. சும்மாத்தான் கெடக்கு.”

மாப்பிள்ளையின் நிலம் இதுதான் என்று பிலவேந்திரன் முடிவு கட்டிவிட்டார். துண்டை உதறித் தோளில் போட்டு, கை நனைக்காமலே எழுந்து போனார். நன்றாக விளக்கிவிட்டோம் என்று செல்வநாதன் பூரித்து நின்றார்.

4

“வானத்தையும் நெழலையும் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்குற குடும்பம். வேணாம்” என்றார் பிலவேந்திரன் வீட்டில்.

லீலா மேரி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். “எதை வச்சுப்பா சொல்றீங்க?”

“படமே மாட்டியிருக்காங்க. அதுல வானத்தைக்கூடப் போடல.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. “அது காசிப்பா!”

“ஆமா, அவனுக்குப் பரிஞ்சுக்கிட்டு இனிமே நீ காசின்னுதான் சொல்லுவ.”

மறுநாள் முந்திரி விற்க ஏலாக்குறிச்சிக்குக் கிளம்பிய பக்கத்து வீட்டுப் பாப்பாத்தியிடம், வேட்டிக்குப் போடும் நீலத்தில் ஒரு பொட்டலம் கொடுத்தாள். “வானத்துக்குன்னு சொல்லிக் குடு. நேர்ல வந்து அப்பாகிட்ட பேசச் சொல்லு.”

5

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். நீலம் போய்ச் சேர்ந்திருந்தால், என் கையிலுள்ள படத்தில் வானம் ஏன் இன்னும் வெள்ளையாக இருக்கிறது?

ஒருவேளை பாப்பாத்தி மறந்திருக்கலாம். அப்படியானால் லீலா மேரி...

(எழுதமாட்டேன்.)

ஒருவேளை பொட்டலம் செல்வநாதனின் அம்மா மதலேனம்மாளின் கைக்குப் போயிருக்கலாம். அவர் அதைக் கரைத்து, மகனின் கல்யாண வேட்டிக்குப் போட்டுவிட்டார்.

எனக்கு வேட்டிதான் வேண்டும். ஆனால் நான் ஆசைப்பட்டு என்ன, பிலவேந்திரன் திரும்பி வரவேண்டுமே. அவருக்காக மதலேனம்மாள் இலை போட்டுவிட்டார். அவர் கை நனைக்கும்வரை செல்வநாதன் வாய் திறக்காமல் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.