கருகிய வாற்கோதுமைக்கு யார் பொறுப்பு

'மனிதர் குளிப்பதற்கு மட்டும்.' இளைஞன் தார்வோ நடத்தும் கம்பெனி, சவுனா என்ற சூட்டுக் குளியலறைக்காகச் செய்யும் மின்சார அடுப்பின் கையேட்டில், பதினொன்றாம் பக்கத்தில் அந்த வரியை எழுதியவள் நான். மூன்றே வார்த்தைகள். வக்கீலாக நான் போட்ட வேலிகளிலேயே கெட்டியானது அதுதான் என்ற கர்வம் எனக்கு இருந்தது. தலைநகர் தாலினில் பிறந்து, சாரெமா தீவில் வாக்கப்பட்டவளின் கர்வம்.

இந்தத் தீவில் சவுனாவுக்குக் குளியல் பாதி வேலைதான். முளைகட்டிய வாற்கோதுமையைப் பலகைகளில் பரப்பிக் காயவைப்பது மீதி. ஜூன் மாதம் கோடை விழாவுக்கு ஊர் நெருப்பு மூட்டும் நாளில் குடிக்கும் வீட்டு பீர் அதிலிருந்துதான் வருகிறது. எங்கள் அடுப்பை வாங்கிய ஹில்யாவின் ஊரில் இருபத்திரண்டு வருஷமாக அந்த பீர் அவள் பொறுப்பு. மற்ற நாட்களில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவாள்.

மே மாதம் ஒரு காலையில் ஹில்யா வாற்கோதுமையைப் பரப்பி, அடுப்பில் ஐம்பது டிகிரி வைத்துவிட்டு பஸ் எடுக்கப் போனாள். நடுவில் மின்சாரம் போய், திரும்பி வந்தது. தார்வோ எழுதிய மென்பொருள் ஐம்பதை மறந்துவிட்டு, நூற்றுப் பத்துக்கு ஏற்றிவிட்டது. அவள் வந்து பார்த்தபோது மேல் பலகையில் கிடந்தது முழுக்கக் காப்பிக்கொட்டை நிறம். கீழ்ப் பலகை மட்டும் தப்பியிருந்தது.

ஊர் சும்மா இருக்குமா? ஹில்யாவுக்குக் கை தப்பிவிட்டது, வயசாகிவிட்டது என்று பேசி, இந்த வருஷ பீரைப் பக்கத்து வீட்டு வால்டெக்கிடம் ஒப்படைத்துவிட்டார்கள். அவள் எங்களிடம் காசு கேட்கவில்லை. தப்பு எந்திரத்துடையது, ஹில்யாவின் கையுடையதல்ல என்று முத்திரை குத்தி ஒரு காகிதம் கேட்டாள். தார்வோ நல்ல பிள்ளை, உடனே பேனாவை எடுத்தான். நான் பிடுங்கி வைத்தேன். ஒருத்திக்கு ஒப்புக்கொண்டால், அடுப்பு வாங்கிய நானூறு பேரும் வந்து நிற்பார்களே என்ற பயம்.

விவகாரம் சமரச அதிகாரி ஹெல்டுரிடம் போனது. நான் பதினொன்றாம் பக்கத்தைக் கம்பீரமாக வாசித்தேன். அவர் என்னை விட்டுவிட்டுத் தார்வோவைப் பார்த்தார்.

"தம்பி, உங்கம்மா வாற்கோதுமைய எங்க காயவைக்கிறாங்க?"

மேஜைக்கடியில் அவன் காலை மிதித்தேன். பலனில்லை.

"சவுனாலதான் சார்."

"அப்போ ஊரே இப்படித்தான் பண்ணும்னு தெரிஞ்சுதான் அடுப்ப வித்திருக்கீங்க. ஒரு வரிய எழுதிட்டா பொறுப்பு விட்டுப்போயிடுமா?"

என் வேலி அங்கேயே சாய்ந்தது. ஹில்யா அதோடு விடவில்லை. பையிலிருந்து ஒரு மர ஜாடியை எடுத்து மேஜையில் வைத்தாள். கருகியதையும் தப்பியதையும் சேர்த்தே காய்ச்சிய பீர்.

"இதான் சாட்சி. நான் வாயிலகூட வைக்கல. என் பேரு எப்படிக் கெட்டுச்சுன்னு நீங்களே குடிச்சுப் பாருங்க."

ஹெல்டுர் கடமைக்கு ஒரு வாய் குடித்தார். ஜாடியைக் கீழே வைக்கவில்லை. இன்னொரு வாய் குடித்துவிட்டு என்னிடம் நீட்டினார். ரை தானிய ரொட்டியின் அடிக்கருகலை யாரும் பார்க்காதபோது பிய்த்துத் தின்போமே, அந்த ருசி. பின்னாலேயே, பீரில் போடும் ஜூனிபர் தழையின் கசப்பு. பத்து வருஷத்தில் இந்தத் தீவில் நான் இப்படி ஒன்றைக் குடித்ததில்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இந்த ருசியின் பெருமையை விட மனசில்லாமல் உடனே எழுந்து நின்று கட்சி மாறினேன். சூட்டை ஏற்றியது எங்கள் மென்பொருள், பிழை முழுக்க எங்களுடையது, இந்த அம்மாவுக்கு அதில் எள்ளளவும் பங்கில்லை என்றேன்.

ஹில்யா சந்தேகத்தோடு ஜாடியை வாங்கி ஒரு மிடறு குடித்தாள். அவள் முகம் மெல்ல மலர்ந்தது.

"யாரைக் கேட்டு ஒத்துக்கிறீங்க வக்கீலம்மா? கையேட்ட மீறினது நானு. மேல கீழன்னு பரப்பினது நானு. முழுத் தப்பும் என்னோடது."

ஹெல்டுர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். தப்பு தன்னுடையதென்று இரண்டு தரப்பும் அடித்துக்கொண்டதை அவர் பார்த்ததே இல்லையாம். தீர்ப்பில் மட்டும் விளையாடவில்லை. குளிக்க உட்கார்ந்தவர் தலையில் அந்தச் சூடு இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டார். நானூறு அடுப்பையும் திருத்த வேண்டும், ஹில்யாவுக்குக் காகிதம் தர வேண்டும் என்றார். என் வாழ்க்கையில் முதல்முறையாக 'பிழை எங்களுடையது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மனசு லேசாக இருந்தது.

தார்வோ ஒரே வாரத்தில் எல்லா அடுப்பையும் சரிசெய்தான். வாற்கோதுமைக்கென்று தனியாக ஒரு பொத்தானும் வைத்தான். பதினொன்றாம் பக்கத்தை நானே அடித்துவிட்டேன்.

ஊர் நெருப்பு மூட்டிய அன்று, இரவு எட்டு மணிக்கும் மறையாத வெயிலில், ஹில்யாவின் பீப்பாய் முன்னால் நீண்ட வரிசை. வால்டெக்கே தன் பீப்பாயை விட்டுவிட்டு அதில் மூன்றாவது ஆளாக நின்றான். அவன் முறை வந்ததும் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, இதை எப்படிச் செய்தாய் என்று கேட்டான்.

ஹில்யாவின் பையிலிருந்து எங்கள் காகிதம் நீட்டிக்கொண்டிருந்தது. முத்திரைகூடத் தெரிந்தது. ஒரு மாதம் போராடி வாங்கிய காகிதம். அவள் அதை எடுத்தாள், நாலாக மடித்தாள், நெருப்பில் போட்டாள்.

"கைப்பக்குவம்," என்றாள்.

தார்வோ ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். நான் அவன் காலை மிதித்தேன்.