ஆடிட்டுக்கு ஒளித்த வாணலி

முப்பத்தோரு வருஷம் ஓசூரில் ஒரு கம்பெனியின் குவாலிட்டி செக்‌ஷனில் இருந்தவன் நான், முனீர் அகமது. அடுத்தவர் செய்ததில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கினேன். வீட்டில் என் மனைவி வஜிஹா சம்பளமே வாங்காமல் என் குறைகளைக் கண்டுபிடித்தாள். அவள் மௌத்தாகி மூன்று வருஷம். மத்திகிரி வாடகை வீட்டில் அன்றிலிருந்து நான் ஒண்டி.

போன வாரம் பெங்களூரிலிருந்து மகள் நபீலா போன் செய்தாள்.

“அத்தா, ஞாயித்துக்கெழம வர்றேன். சமைச்சுச் சாப்பிடுறீங்களா, வீட்டை எப்படி வெச்சிருக்கீங்கன்னு பாப்பேன். சரியில்லன்னா அன்னிக்கே கையோட கூட்டிட்டு வந்துருவேன்.”

எனக்கு இங்கேயே இருக்கவேண்டும். பெரிய காரணமெல்லாம் இல்லை. ஷிப்டுக்கு ஓடுகிறவர்களை, ஓடாமல் நின்று டீ குடித்தபடி பார்க்கிற சுகம் அவளுடைய பதினோராவது மாடியில் கிடைக்காது. வஜிஹாவிடம் வாய்விட்டுப் பேசினாலும் இங்கே யாரும் டாக்டரைக் கூப்பிடமாட்டார்கள்.

ஆடிட் வருகிறதென்றால் கம்பெனிக்காரன் என்ன செய்வான்? கண்ணை உறுத்துகிறதையெல்லாம் அடுத்த ஷெட்டில் தள்ளிப் பூட்டுவான். நானும் சனிக்கிழமையே கரிப்பிடித்த வாணலி, கைப்பிடி ஆடும் குக்கர், மூடி தொலைந்த மசாலா டப்பாக்கள், பிசுக்கேறிய எண்ணெய்க் கேன் எல்லாவற்றையும் இரண்டு கோணியில் கட்டினேன். உத்தனப்பள்ளியில் தக்காளி போடுகிற கோவிந்தப்பன் என் பக்கத்து வீட்டுக்காரர். அவரிடம் கொண்டுபோனேன்.

“ஏன் பாய், வீட்டக் காலி பண்றீங்களா?”

“பண்ணாம இருக்கத்தான்.”

நபீலா வந்தாள். கூடத்தைப் பார்த்தாள், தலையாட்டினாள். சமையலறைக்குள் போனவள் வெளியே வரவில்லை. பாராட்டை வாங்கிக்கொள்ளலாமென்று எட்டிப் பார்த்தால், அழுதுகொண்டிருந்தாள்.

“குக்கர் இல்ல, வாணலி இல்ல, ஒரு மொளகாத்தூள்கூட இல்ல. மூணு வருஷமா வெறும் பிஸ்கெட்டா, அத்தா?”

“சமைக்கிறேம்மா.”

“எதுல? உள்ளங்கையிலயா?”

சுத்தமான வீட்டைக் காட்டப்போய், ஆளே வாழாத வீட்டைக் காட்டியிருக்கிறேன். அவள் போய்ப் பீரோவிலிருந்து என் சட்டைகளை எடுத்து, ஊருக்குக் கொண்டுபோக மடிக்க ஆரம்பித்தாள். நான் செருப்புகூடப் போடாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன்.

கோவிந்தப்பனும் ஒரு கோணியைத் தோளில் போட்டுக்கொண்டு கூடவே வந்தார். “இதெல்லாம் உங்கப்பாவுதும்மா. இவரு கத்திரிக்கா வதக்குனா எங்கூட்ல தும்முவோம். வாரத்துல ரெண்டு நாளு எனக்கும் ஒரு கிண்ணம் வரும். உப்புதான் கம்மி. சொன்னா மொகம் சுருங்கிப்போவும்.”

“முந்தாநேத்து வழிச்சுத் தின்னீங்களே!” என்றேன்.

“பசிச்சுது பாய், தின்னேன்.”

நபீலா சிரித்துவிட்டாள். டப்பாக்களை அடுக்கும்போது, அவசரமாக நான் மாட்டிய காலண்டர் அவள் தோள் பட்டு விழுந்தது. பின்னால் சுவரில் பென்சில் எழுத்து. சிலிண்டர் மாற்றிய தேதிகளை வஜிஹா அங்கேதான் எழுதுவாள். அவள் காலத்தில் நாற்பது நாளுக்கு ஒன்று. கீழே என் கோழிக்கிறுக்கலில் மூன்று மாதத்துக்கு ஒன்று. தேதிக்குப் பக்கத்தில் சில வரிகள்: ‘வஜிஹா, பிரியாணி அடிபிடிச்சிருச்சு.’ ‘வஜிஹா, இன்னிக்கு ரசம் உன்னோடது மாதிரியே.’

நபீலா ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தாள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அந்த ரசத்த வைங்க, அத்தா.”

வைத்தேன். இரண்டு தடவை ஊற்றிக்கொண்டாள். “உப்பு கம்மிதான்,” என்றாள். தட்டைக் கழுவிவைத்துவிட்டு, மடித்த சட்டைகளைத் தூக்கிக்கொண்டு போய்த் திரும்பப் பீரோவில் அடுக்கினாள்.

“இனிமே சொல்லிட்டு வரமாட்டேன். எந்த நாள்னாலும் வந்து நிப்பேன்.”

“வாம்மா,” என்றேன். இத்தனை வருஷ சர்வீசில் எந்த ஆடிட்டரையும் நான் அப்படி அழைத்ததில்லை.

பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. கூடத்தில் பாய் போட்டுப் படுத்தவள் அப்படியே தூங்கிப்போனாள். என் சமையலைச் சாப்பிட்டுவிட்டு என் வீட்டில் ஒருத்தி நிம்மதியாகத் தூங்குகிறாள். அல்ஹம்துலில்லாஹ் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டு, ஃபேனை ஒரு புள்ளி கூட்டி வைத்தேன்.